ஒப்பாரிக் குழாய்

நாம் எழுதிய புரோகிராம் படுத்துக்கொண்டாலும் நம்மைத்தான் திட்டுவார்கள், நாம் வேலைக்குக் கூப்பிட்ட அடுத்தவனுடைய புரோகிராம் படுத்துக்கொண்டாலும் நம்மைத்தான் திட்டுவார்கள்; எங்கள் தொழிலின் முழு விவரமும் இவ்வளவுதான்.

கொம்பியூட்டருக்கு முன்னால் கதிரை போட்டுப் பிழைக்கிறவர்களாக இருந்தால் இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீர்கள். பாவம், உங்களுக்கும் நடந்திருக்கும். மற்றவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எந்தப் புரோகிராமும் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. பிரதி எடுக்க ஒருவன், அச்சடிக்க ஒருவன் என்று வெளியாட்களைக் கூப்பிட்டு ஏவும். கூப்பிட்டவனுக்கும் வந்தவனுக்கும் நடுவில் மூன்று குழாய்கள். நாம் சொல்வது அவனுக்குப் போக ஒன்று, அவனுடைய பதில் நமக்கு வர ஒன்று. மூன்றாவது குழாய், ஏதாவது பிழையாகிப்போனால் அவன் முறையிடுவதற்கு. புத்தகங்களில் இதற்குக் கௌரவமான பெயர் உண்டு. எங்கள் கந்தோரில், அதாவது ஆபீஸில், இதற்கு ஒப்பாரிக் குழாய் என்று பெயர்.

கந்தோர் கண்டி டவுனில், ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்தது. யுத்த காலம். அடையாள அட்டை இல்லாமல் பாண் வாங்கக்கூட இறங்க முடியாது. கந்தோரில் மொத்தம் மூன்று பேர். பொஸ் பண்டார, சிங்களவர். சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்துக் கடை ஒன்றில் வளர்ந்ததால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். அடுத்தது சிவா அண்ணன், யாழ்ப்பாணம். மூன்றாவது நான், தேவி, புஸ்ஸல்லாவைப் பக்கத்துத் தோட்டம். எனக்கு ஒரு வியாதி உண்டு. பயம் வந்தால் சிரிப்பு வரும். இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு நான் சிரிக்காத நாளே கிடையாது.

அந்த வருஷம் ஒரு பெரிய வேலை எங்கள் தலையில் விழுந்தது. கண்டியில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம். மூன்று மாதம் எங்கள் புரோகிராமை ஓட்டிப் பார்ப்பார்கள். பிடித்தால் அவர்களுடைய எல்லாக் கிளைகளுக்கும் எடுப்பார்கள். எங்கள் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பொஸ் கந்தோரைப் பூட்டிவிட்டுக் குருநாகலில் மச்சானுடைய தேங்காய் வியாபாரத்துக்குப் போய்விடுவார். நானென்றால் வேறு வேலை தேடலாம். சிவா அண்ணனுக்குக் கதை வேறு. வடக்கிலிருந்து வந்தவர் கண்டியில் தங்க வேண்டுமென்றால் பொலிஸில் பதிய வேண்டும், பதிவதற்குக் காரணம் வேண்டும். அவருடைய காரணம் இந்த வேலை ஒன்றுதான். வேலை போனால் ஊருக்குத் திரும்பு என்பார்கள். ஊருக்குப் பாதையும் இல்லை, ஊரில் வீடும் இல்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவன்

பரிசோதனை நிலையம் வருவதற்கு முன்பே எங்களுக்குச் சோறு போட்டவர் கட்டுகஸ்தோட்டை ஹாஜியார். மொத்தச் சில்லறைக் கடை. அரிசி, பருப்பு, கருவாடு எல்லாவற்றின் விலையையும் எங்கள் புரோகிராம்தான் வைத்திருந்தது. கடை பூட்டும்போது அது வெளியாள் ஒருவனைக் கூப்பிட்டு அன்றைய விவரங்களை ஃப்ளொப்பியில் பிரதி எடுக்கும். அந்த வெளியாளின் கறுப்புத் திரை அசிங்கமாக இருக்கிறது என்று நாங்கள் அதை மறைத்துவிட்டிருந்தோம். வாடிக்கையாளர் கண்ணுக்கு எல்லாம் லட்சணமாகத் தெரிய வேண்டுமல்லவா?

நிலையத்து வேலை தொடங்கிய புதிதில் ஒரு திங்கட்கிழமை காலை ஹாஜியாரிடமிருந்து அழைப்பு. கொம்பியூட்டர் அசையவில்லையாம். சிவா அண்ணனும் நானும் பஸ் பிடித்துப் போனோம். கடையில் ஹாஜியார் கணக்கைப் பழையபடி பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார். நான் மறைத்துவைத்த கறுப்புத் திரையை இழுத்து வெளியே எடுத்தேன். அதில் ஒரே ஒரு வரி. 'ஃப்ளொப்பி நிறைந்துவிட்டது, வேறு ஒன்று போடுகிறீர்களா, ஆம் அல்லது இல்லை?' வெள்ளிக்கிழமை கடை பூட்டிய நேரத்திலிருந்து அவன் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். பதில் போக வேண்டிய குழாயின் இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை.

நான் சிரித்துவிட்டேன். சிவா அண்ணன் என் காலை மிதித்தார். ஹாஜியார் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் திரையை அனுதாபத்தோடு பார்த்தார்.

"என்ன மகள் இது, வெள்ளிக்கிழமையில இருந்து வாய் விட்டுக் கேட்டுக்கிட்டு ஈக்குது, ஒரு ஆளாவது அதுக்குப் பதில் சொல்லவாணாமா?"

எல்லாவற்றுக்கும் ஓம்

சிவா அண்ணன் கந்தோருக்குத் திரும்பியதும் மருந்து கண்டுபிடித்துவிட்டார். வெளியாள் எப்போது எதைக் கேட்டாலும் குழாய் வழியாக 'ஆம், ஆம், ஆம்' என்று ஓயாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது. கேட்டாலும் ஆம், கேட்காவிட்டாலும் ஆம். உலகத்தில் எல்லாப் புரோகிராமர்களும் ஒரு தடவையாவது செய்து பார்த்த வைத்தியம் இது. நீங்கள் செய்ததில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். அதன் பிறகு ஹாஜியார் கடையில் ஒரு நாள்கூட கொம்பியூட்டர் நிற்கவில்லை. பொஸ் எங்களுக்கு மீன் வைத்த மாலு பாண் வாங்கித் தந்தார். சிவா அண்ணன் கொஞ்ச நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தார்.

பிறகு அந்த வெளியாள் வேறு ஒரு கேள்வி கேட்டான். ஃப்ளொப்பியில் இடம் போதவில்லை என்றோ என்னவோ, பழைய கோப்புகளைத் துடைத்துவிடவா என்றான். ஆம் என்றது எங்கள் புரோகிராம். எல்லாவற்றையுமா? ஆம். கொம்பியூட்டரில் இருப்பதையும் சேர்த்தா? ஆம். நிச்சயமாகத்தானே? ஆம், ஆம், ஆம். மறுநாள் ஹாஜியார் கடையில் அரிசிக்கு விலை இல்லை, கருவாட்டுக்குப் பெயரே இல்லை.

சிவா அண்ணனும் நானும் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு மூட்டையாகப் பார்த்து மறுபடி எல்லாவற்றையும் ஏற்றினோம். கருவாட்டு வாசனை என் தலைமுடியை விட்டுப் போக ஒரு வாரம் ஆனது. பொஸ் வந்து பார்த்தார். கத்துவார் என்று பயந்து எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் சிவா அண்ணனின் தோளில் கையைப் போட்டார்.

"சிவா, நம்ம புரோகிராம் ரொம்ப நல்ல புள்ளை, யார் என்ன கேட்டாலும் இல்லைன்னு சொல்றதே இல்லை."

பாலத்தில்

ஏற்றி முடித்த அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் டவுனுக்கு பஸ் ஏறினோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் ஆமிச் சிப்பாய்கள் சோதனைக்கென்று எல்லாரையும் இறக்கினார்கள். அது வழக்கம்தான். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் அட்டையில் தோட்டத்து விலாசம் இருப்பதால் என்னிடம் ஒரு கேள்வி குறைவாகக் கேட்பார்கள். சிவா அண்ணனுக்கு அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்பார்கள். அவருக்குச் சிங்களம் பத்தாது. சோதனைச் சாவடிக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். 'ஒவ் மாத்தயா'. ஆம் ஐயா என்று அர்த்தம். பணிவாகத் தலையைக் குனிந்துகொண்டு அதை மட்டும் சொல்வார்.

பெண்கள் வரிசையிலிருந்து எனக்கு எல்லாம் கேட்டது. யாழ்ப்பாணமா? ஒவ் மாத்தயா. கண்டியில் வேலையா? ஒவ் மாத்தயா. இந்த அட்டை உன்னுடையதா? ஒவ் மாத்தயா. இல்லாவிட்டால் வேறு யாருடையதாவதா? ஒவ் மாத்தயா. ஆமிக்காரன் நிமிர்ந்து பார்த்தான். பையில் எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாயா? ஒவ் மாத்தயா. நான் இங்கிருந்து 'இல்லை, இல்லை' என்று சிங்களத்தில் கத்தினேன். வாயை மூடச் சொன்னார்கள். பையைத் தலைகீழாகக் கொட்டினார்கள். வயர், இன்னும் வயர், திருகாணி கழற்றும் ஆயுதம், விளக்கு மினுங்கும் ஒரு மோடம். பிறகு என்ன, ஜீப்தான்.

இப்போது இதைச் சொல்லும்போது வயிறு நோகச் சிரிக்கிறேன். அன்றைக்கும் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் அது என் வியாதிச் சிரிப்பு. ஜீப்புக்குள் அவர் ஏறும்போது பார்த்த முகத்தை மறக்க மாட்டேன். நான் கந்தோருக்கு ஓடி பொஸ்ஸை இழுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனேன். பொஸ் இன்ஸ்பெக்டரிடம் வயர் எதற்கு, மோடம் எதற்கு என்று ஒவ்வொன்றாக விளக்கினார். இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை, களைத்த மனிதர். கடைசியில் ஆளை விட்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. மூன்று மாதம் பார்த்துவிட்டுத் தீர்மானிக்கும் வேலையெல்லாம் வேலையே இல்லையாம். மாதக் கடைசிக்குள் நிரந்தர வேலை என்று காட்டாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க மாட்டாராம். பரிசோதனை நிலையத்தின் மூன்று மாதமும் அதே மாதக் கடைசியில்தான் முடிகிறது.

வெளியே வந்து மூவரும் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். ஏன் அண்ணே எல்லாத்துக்கும் ஆமா சொன்னீங்க என்று கேட்டேன். சிவா அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"இல்லை எண்டு சொன்னா மேல நாலு கேள்வி வரும் எண்டு பயந்துதான் தங்கச்சி, ஓம் எண்டா டக்கெண்டு விட்டிடுவாங்கள் எண்டு நினைச்சன்."

நான்காவது முயற்சி

பிறகு நாங்கள் பரிசோதனை நிலையத்தில்தான் குடியிருந்தோம். அங்கே எல்லாவற்றுக்கும் பொறுப்பான டொக்டர் அம்மாதான் அரசி. சிங்களப் பெண்மணி, தோட்ட ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து தமிழ் பழகியவர். சேலை மடிப்பு கலையாது, குரல் உயராது, அவர் வரும் சத்தம் கேட்டால் ஊசி போடும் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள். இரத்தம் பார்க்கும் மெஷினோடு சேர்ந்து ஒரு வெளியாள் புரோகிராமும் வந்திருந்தது. அது மெஷினிடமிருந்து எண்களை வாங்கித் தரும். எங்கள் புரோகிராம் அதைக் கூப்பிட்டு, அது தருவதை அழகாக ரிப்போட்டில் அச்சடிக்கும்.

ஹாஜியார் கடையில் சூடு கண்ட சிவா அண்ணன், இனி ஒரு முறையீடும் கண்ணுக்குத் தப்பக் கூடாது என்று பதில் குழாயையும் ஒப்பாரிக் குழாயையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டார். வெளியாள் எதைச் சொன்னாலும் ஒரே இடத்துக்கு வரும். நல்ல யோசனைதான். ஆனால் அந்த ஒரே இடம் ரிப்போட்.

ஒரு காலை ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் கலங்கிய கண்ணோடு வந்தார். பின்னால் மனைவி, மகள், மருமகன், எல்லாருமே அழுதமாதிரி. சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, பார்க்க வந்தவர். தோட்டத்துக் கந்தோரில் முப்பது வருஷம் ஆங்கிலத்தில் எழுதியவர் என்பதால் ரிப்போட்டை ஒரு எழுத்து விடாமல் வாசித்திருக்கிறார். சீனி எண் ஒழுங்காக இருந்தது. அதன் கீழே, கொழுப்பு வர வேண்டிய இடத்தில், மெஷினோடு பேச முடியாமல் போன வெளியாளின் புலம்பல் அச்சாகியிருந்தது. பதில் இல்லை, மறுபடி முயற்சிக்கிறேன், பதில் இல்லை, நான்காவது முயற்சியும் தோல்வி, கைவிடுகிறேன். மனுஷன் வீட்டில் போய்ச் சொத்தைப் பிரிக்கிற பேச்சே தொடங்கிவிட்டாராம். டொக்டர் அம்மா அவரை உட்கார வைத்து, கைவிட்டது மெஷினைத்தான், உங்களை இல்லை என்று தண்ணீர் கொடுத்துச் சமாதானப்படுத்தினார். அவர் நம்பியும் நம்பாமலும் ரிப்போட்டை இன்னொரு தடவை வாசித்தார்.

"சரிங்க அம்மா, நீங்க சொன்னா நம்புறேன், ஆனா ரத்தம் எடுத்ததே ஒரு தடவைதானே, மத்த மூணு தடவை எப்ப முயற்சி பண்ணினாங்க?"

ஒரு வாரம் நிம்மதி

டொக்டர் அம்மா பொஸ்ஸைக் கூப்பிட்டு என்ன சொன்னாரோ தெரியாது. பொஸ் திரும்பி வரும்போது காது சிவந்திருந்தது. அந்த ஒப்பாரிக் குழாயை வெட்டி எறி என்றார். எறிய முடியாது, ஆனால் எங்குமே போகாத ஒரு ஓட்டைக்குள் அதைத் திருப்பிவிடலாம். எங்கள் தொழிலில் அப்படி ஒரு அருமையான ஓட்டை இருக்கிறது. என்ன கொட்டினாலும் நிறையாது, என்ன விழுந்தாலும் சத்தம் வராது. மெஷினைப் படிக்கிறவன், பிரதி எடுக்கிறவன், எல்லாருடைய முறையீட்டையும் அதற்குள் விட்டோம்.

அப்பாடா, அந்த ஒரு வாரம்! ரிப்போட்டுகள் பளிச்சென்று வந்தன. ஒருவரும் அழவில்லை. பொஸ் வேலை நிரந்தரமானதும் போட ஒரு பெயர்ப்பலகைக்கு அளவுகூட எடுத்துவிட்டார். சிவா அண்ணன் அம்பிட்டியவில் தான் இருந்த போர்டிங் அறைக்குப் புதிதாக ஒரு தலையணை வாங்கினார். மனுஷன் இங்கேயே இருக்கப்போகிறார் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. சந்தோஷத்தில் நானும் ஒரு தலையணை உறை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் டொக்டர் அம்மா முந்தின வாரத்து ரிப்போட் ஒன்றைப் பிரதியிலிருந்து எடுக்கச் சொன்னார். அந்த வாரத்துக்குப் பிரதி எதுவும் இல்லை. ஒரு நாளைக்குக்கூட இல்லை. ஃப்ளொப்பி போடும் வாய் உடைந்திருந்தது. பிரதி எடுக்கிறவன் அந்த வாரத்தின் முதல் நாளிலிருந்து 'வாய் உடைந்துவிட்டது, வாய் உடைந்துவிட்டது' என்று கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறான். நாங்கள்தான் அந்தக் கத்தலை ஓட்டைக்குள் விட்டுவிட்டுத் தலையணை வாங்கப் போயிருக்கிறோம். அசல் விவரங்கள் கொம்பியூட்டருக்குள் பத்திரமாக இருந்ததால் தப்பினோம். நான் சிரிக்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். டொக்டர் அம்மா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வார்டுக்குள்ள போனா நான் கத்துற நோயாளிகிட்ட முதல்ல போறதில்லை மகள், சத்தமே போடாம படுத்திருக்கானே, அவன்கிட்டதான் ஓடுவேன்."

இருவரும் காத்திருந்தார்கள்

ஆகவே திருந்தினோம். பதில் குழாய் தனி, ஒப்பாரிக் குழாய் தனி. முதலில் வெளியாள் பேசி முடிக்கும்வரை பதிலைக் கேட்பது. அவன் பேசி முடித்ததும் ஒப்பாரியைக் கேட்பது. ஒருவர் பேசி முடிக்க மற்றவர் என்று எவ்வளவு மரியாதையான ஏற்பாடு பாருங்கள். மாதம் முடியும்வரை எந்தக் குழப்பமும் இல்லை.

கடைசி நாள் வந்தது. கொழும்பிலிருந்து நிலையத்தின் பெரியவர்கள் மூன்று பேர் வந்து நேரில் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அன்று பார்த்துக் காலையில் ரேடியோவில் செய்தி. கொழும்பில் குண்டு வெடித்திருக்கிறது. அப்படியான நாட்களில் சிவா அண்ணன் மாதிரி ஆட்கள் தெருவில் இறங்கினால் ஜீப்பில்தான் முடியும். பொஸ் அவரை அறையைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவருடைய வேலையைக் காப்பாற்ற வேண்டிய நாளில் அவரே வர முடியாது. எனக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். வழக்கம்போல மற்றது வந்தது.

பெரியவர்களுக்குக் காட்ட டொக்டர் அம்மா அன்று காலை எடுத்த இரத்தம் முழுவதையும் ஒரே தடவையில் மெஷினில் ஏற்றச் சொன்னார். ஒத்திகைக்கு ஓடவிட்டேன். பாதியில் நின்றது. அணைத்து மறுபடி ஓடவிட்டேன். அதே இடத்தில் நின்றது. திரையில் கேள்வியும் இல்லை, பிழையும் இல்லை. பொஸ் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார். நல்ல காலம், வழி முழுக்கச் சோதனை என்பதால் கொழும்புக் கார் மாவனல்லைப் பக்கம் மாட்டிக்கொண்டு நின்றது. நான் நிலையத்துத் தொலைபேசியில் அம்பிட்டிய போர்டிங்குக்கு எடுத்தேன். வீட்டுக்கார அம்மா சிவா அண்ணனைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"ஒண்ணுமே சொல்லாம நிக்குது அண்ணே!" என்று கத்தினேன். கூடத்தில் இருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கத்தாதேங்கோ. கொஞ்சப் பேருக்கு ஓடுதோ?"

"ஓடுது. எல்லாரையும் சேர்த்துப் போட்டாத்தான் நிக்குது."

எல்லாரையும் சேர்த்தா என்று அவர் தனக்குள் திருப்பிச் சொன்னார். பிறகு அவர் தன் தலையில் தானே அடித்துக்கொண்ட சத்தம் எனக்கே கேட்டது. மெஷின் புரோகிராமுக்கு ஒவ்வொரு போத்தல் ஒட்டுத்தாளிலும் ஒரு குறை சொல்லாவிட்டால் பொழுது போகாது. ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு வரி முணுமுணுப்பு. ஒப்பாரிக் குழாய் சின்னக் குழாய், ஓரளவுக்குத்தான் பிடிக்கும். அது நிரம்பியதும் அவன் இனி இடம் கிடைத்தால்தான் பேசுவேன் என்று நின்றுவிட்டான். நாங்களோ அவன் பேசி முடித்தால்தான் ஒப்பாரியைக் கேட்போம் என்று நின்றுகொண்டிருக்கிறோம். அவன் எங்களுக்காக, நாங்கள் அவனுக்காக, இரண்டு பேரும் மரியாதையாக உலகம் முடியும்வரை காத்திருப்போம். குழாயை எடுத்துவிட்டு ஒப்பாரியை நேரே ஒரு கோப்புக்குள் விடும்படி சிவா அண்ணன் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, நான் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடித்தேன். கோப்பு குழாய் மாதிரி இல்லை, எவ்வளவு அழுதாலும் தாங்கும். ஓடவிட்டேன். ரிப்போட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழ, பொஸ் என் தலையில் கையை வைத்துச் சிங்களத்தில் என்னவோ ஆசீர்வாதம் சொன்னார்.

கொழும்புப் பெரியவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள். அவர்களில் மூத்தவர் ஒப்பாரிக் கோப்பைத் திறந்து கடைசிவரை வாசித்துவிட்டு டொக்டர் அம்மாவிடம் திரும்பினார்.

"எங்கட மெஷின் இவ்வளவு காலமா இத்தனை குறை சொல்லிக்கொண்டா இருந்தது, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

கையெழுத்து

வேலை எங்களுக்குத்தான் என்று வாயால் சொல்லிவிட்டார்கள். எழுத்தில் தர வேண்டியது கொழும்புத் தலைமைக் கந்தோர். அதற்கு இரண்டு வாரம் ஆகும். சிவா அண்ணனின் பதிவோ அன்றோடு முடிகிறது. பொஸ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இதை டொக்டர் அம்மாவிடம் சொன்னார்.  அம்மா மேசையிலிருந்த ரிப்போட்டுகளை வேகமாகப் புரட்டினார். ஒன்றை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். காரை எடுக்கச் சொன்னார்.

அம்பிட்டியவுக்குப் போய் சிவா அண்ணனை ஏற்றிக்கொண்டோம். டொக்டர் அம்மா காரில் இருந்ததால் வழியில் எவனும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிவா அண்ணன் என் பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையில் உடுப்பு. போகச் சொல்லிவிட்டால் அப்படியே போய்விட வேண்டும் என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டிருந்தார்.  இந்தத் தடவை சிரிப்பு வரவே இல்லை.

அதே இன்ஸ்பெக்டர். குண்டு வெடித்த நாள் என்பதால் இன்னும் களைத்திருந்தார். எழுத்தில் இல்லாமல் பதிய முடியாது, சட்டம் அப்படி, நான் என்ன செய்ய என்று கையை விரித்தார். டொக்டர் அம்மா முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்து, சேலை மடிப்பைச் சரிசெய்து, இன்றைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு என்னிடம் வந்து இரத்தம் கொடுத்தீர்களே என்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த மெஷினைப் பேச வைக்கிறது இந்தப் பொடியன்தான், இவனை அனுப்பிவிட்டால் நாளையிலிருந்து கண்டியில் ஒருத்தனுக்கும் தன் உடம்பில் சீனி எவ்வளவு என்று தெரியாது என்றார் டொக்டர் அம்மா. கைப்பையைத் திறந்தார். மடித்த ரிப்போட்டை வெளியே எடுத்தார். ஆனால் கொடுக்கவில்லை.

"கூடியிருக்கா?" என்றார் இன்ஸ்பெக்டர். அவ்வளவு பெரிய மனுஷனுக்கு அவ்வளவு சின்னக் குரல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பொலிஸ்காரரும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். சிவா அண்ணன் பையின் காதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். டொக்டர் அம்மா ரிப்போட்டைத் தன் மடியில் வைத்து, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். சிங்களத்தில் அவர் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"முதல்ல இந்தப் புள்ளைக்குக் கையெழுத்து, அப்புறம் உங்க சீனி."

கையெழுத்து விழுந்தது. வெளியாளைக் கூப்பிட்டால் அவன் கேட்பதற்குப் பதிலும் அவன் அழுவதற்கு ஒரு காதும் தயாராக வைத்துவிட்டுத்தான் கூப்பிட வேண்டும் என்று புடைவைக் கடை மாடியில் நாங்கள் மூன்று பேர் மூன்றே மாதத்தில் படித்துவிட்டோம், கீழே நாட்டை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்தான் கடைசிவரை எங்களிடம் வந்து அதைக் கேட்கவில்லை.